ஸ்டாண்டர்ட் என்று எழுதிய போத்தல்

"இல்ல மகன். சாயம் கூடிப் போச்சி."

லைலா மாமி ஒரு மிடறுதான் குடித்தார். கோப்பையைப் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நௌபர் குனிந்து கோப்பைக்குள் பார்த்தான். அவன் கண்ணுக்கு அது தேத்தண்ணி மாதிரித்தான் தெரிந்தது. நேற்று மாமி இதே பாயில் இருந்துகொண்டு "வெந்நீர் மாதிரிக் கிடக்கு" என்றார். முந்தாநாள் "கசாயம்" என்றார். அதற்கு முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். அதுதான் எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது.

"அப்ப நாளைக்குத் தேயிலையக் குறைச்சிப் போடவா மாமி?"

"நாளைக்குப் பார்ப்பம்."

"சனூஸா எப்படித்தான் போட்டவ? நீங்க பார்த்திருப்பீங்கதானே?"

"அவட கையால போட்டா."

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன கேட்பது? நௌபர் குசினிக்குள் போய் அடுப்பைத் துடைத்தான். அடுப்பு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

சனூஸா அவனுடைய மனைவி. லைலா மாமியின் ஒரே பிள்ளை. டெங்குக் காய்ச்சல் அவளை ஒரு கிழமைக்குள் கொண்டு போய்விட்டது. நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடிந்திருந்தது. மகள் மவுத்தான அன்றிலிருந்து மாமி அடுப்படிப் பக்கம் போகவில்லை. சோறு கறியைப் பக்கத்து வீட்டு ஜெஸ்மின் கொண்டுவந்து தந்தாள். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் மாமி குடிக்கும் இஞ்சி போட்ட பிளேன்டீ மட்டும் நௌபரின் பொறுப்பாக வந்து சேர்ந்தது. அந்த ஒன்றையும் அவனால் சரியாகச் செய்ய முடியவில்லை.

கிண்ணியாவில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை தன்னுடைய உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். நௌபரும் அப்படித் தோப்பூரில் இருந்து வந்தவன். ஆனால் பெண் போன பிறகு மாப்பிள்ளை என்ன செய்வது என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. கலியாணம் முடிந்தும் பிரிக்காமல் விட்ட பந்தல் மாதிரி அவன் அந்த வீட்டில் நின்றான். மனைவி இல்லாவிட்டாலும் மாமியோடு ஒரே வீட்டில் இருப்பதற்கு மார்க்கத்தில் தடையில்லை. ஊர் மார்க்கத்தைக் கேட்டுக்கொண்டா கதைக்கிறது?

அவனுக்குப் போக விருப்பமில்லை. அலுமாரியைத் திறந்தால் சனூஸாவின் உடுப்பு வாசம் வந்தது. கிணற்றடியில் அவள் வைத்த கறிவேப்பிலைக் கன்று நின்றது. தோப்பூரில் அவள் எங்கே இருக்கிறாள்? ஆனால், "இருங்க மகன்" என்று மாமி ஒரு சொல் சொல்லவில்லை. தானாகப் போய் "இருக்கட்டுமா?" என்று கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. கேட்டு, மாமி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால்?

போன் அடித்தது. தோப்பூரில் இருந்து ரிஸ்னா ராத்தா. அவனுடைய மூத்த சகோதரி. ராத்தாவின் குரலுக்குப் போன் ஓர் ஆடம்பரம்தான். சும்மா கூப்பிட்டாலே கிண்ணியாவுக்குக் கேட்கும்.

"டேய், எப்ப வாறாய்? அறையெல்லாம் கூட்டி வெச்சிரிக்கன்!"

"வாறன் ராத்தா."

"வாறன் வாறன் எண்டு எத்தினை நாளா? பொஞ்சாதி இல்லாத வீட்டில உனக்கு என்ன வேல?"

அந்தக் கேள்வி அவன் நெஞ்சில் எங்கோ போய்க் குத்தியது. வலியை மறைப்பதற்காக அவனும் ராத்தாவின் சத்தத்திலேயே கத்தினான். "மாமி ஒரு தேத்தண்ணி கூட ஒழுங்காக் குடிக்கிறா இல்ல ராத்தா! முதல் நாளே சொன்னன்தானே, அது ஒண்டு சரி வந்திட்டா நான் வந்திடுவன்!"

"தேத்தண்ணியாம், தேத்தண்ணி," என்று ராத்தா போனை வைத்தாள்.

நௌபர் இவ்வளவு கலங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறமும் இனிப்பும்தான் அவனுடைய தொழில். பாலம் தாண்டித் திருகோணமலைக்குப் போனால், துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்னக் குளிர்பானத் தொழிற்சாலை. இஞ்சிச் சோடாவும் தோடம்பழப் பானமும் செய்வார்கள். அங்கே தரம் பார்க்கிறவன் நௌபர்தான். அவனிடம் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று நிறம் அளக்கும் கலரிமீட்டர். சின்னக் கண்ணாடிக் குப்பியில் பானத்தை ஊற்றி உள்ளே வைத்தால், ஒரு பக்கத்தால் வெளிச்சத்தை விட்டு மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்த்து ஓர் இலக்கம் காட்டும். நிறம் கடுமை என்றால் இலக்கம் கூடும். மற்றது ஒரு குழல். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியை அமத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தால் சீனி எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரியும். ரிஃப்ராக்டோமீட்டர் என்பது அதன் பெயர். தொழிற்சாலையில் எல்லாரும் சீனிக் குழல் என்பார்கள்.

ஆயிரம் லீட்டர் தாங்கியில் ஒரு கை சீனி குறைந்தாலும் கண்டுபிடிக்கும் மனிதன், ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் தினமும் தோற்றுக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் பின்னேரம் ஜெஸ்மின் கொண்டுவந்த சூரை மீனை வைப்பதற்காக அவன் பிரிட்ஜின் மேல்தட்டைத் திறந்தான். இறைச்சிப் பைகளுக்குப் பின்னால் ஒரு போத்தல் உறைந்து கிடந்தது. வெயில் காலத்தில் சனூஸா பிளேன்டீயைப் போத்தலில் ஊற்றி உறைய வைத்துத் தருவாள். பாலம் தாண்டும்போது கல்லாக இருக்கும். பகல் சாப்பாட்டு நேரம் கரைந்து குளிர்ந்த தேத்தண்ணியாகும். அதில் ஒன்று மிஞ்சிப்போய்க் கிடந்திருக்கிறது.

நௌபர் மீனைக் குசினி நிலத்தில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டான். போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். பூனை வந்து மீனைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, பிறகு மீனைக் கொண்டுபோனது.

"என்ன மகன் சத்தம்?" என்று உள்ளே இருந்து மாமி கேட்டார்.

"ஒண்டுமில்ல மாமி. பூனை."

அடுத்த நாள் போத்தலை ஈரத் துவாயில் சுற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனான். உறைந்த தேத்தண்ணி கரைந்தால் கலங்கும். மெல்லச் சூடாக்கினால் தெளியும். அதை அவன் அறிவான். இஞ்சித் தும்பு போக வடிதாளில் வடித்து, கொஞ்சமாக எடுத்துக் குப்பியில் ஊற்றினான். மெஷின் ஓர் இலக்கத்தைக் காட்டியது. சீனிக் குழல் இன்னொன்றைக் காட்டியது.

முதலில் அவனுக்குச் சந்தோசம் வந்தது. பிறகு அந்தச் சந்தோசத்தை நினைத்துக் கவலை வந்தது. சனூஸா கோபித்தால் இரண்டு நாள் பேசமாட்டாள். சிரித்தால் கண்ணில் தண்ணீர் வரும். அதையெல்லாம் அளப்பதற்கு யாரும் மெஷின் செய்யவில்லை.

மிச்சத்தை மீண்டும் போத்தலில் ஊற்றி மூடினான். மேலே ஒரு துண்டு ஒட்டி, கைப்பழக்கத்தில் 'ஸ்டாண்டர்ட்' என்று எழுதினான். தொழிற்சாலைப் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மற்ற எல்லாவற்றையும் எதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமோ, அது. ஆய்வுகூடத்துப் பிரிட்ஜில் ஏற்கெனவே இருந்த இஞ்சிச் சோடா ஸ்டாண்டர்டைப் பின்னால் தள்ளி, குளிர் கூடிய இடத்தைச் சனூஸாவுக்குக் கொடுத்தான்.

அன்று பின்னேரம் சீனிக் குழலை உடுப்புப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். விடிந்ததும் தேத்தண்ணி போட்டு, ஒரு சொட்டை அதில் விட்டு, முற்றத்தில் இறங்கிக் கிழக்கே வெளுத்த வானத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். இனிப்புக் குறைவு. சீனி போட்டான். திரும்பவும் முற்றம், திரும்பவும் வானம். கூடிவிட்டது. தண்ணீர் விட்டான். திரும்பவும் வானம்.

மதிலுக்கு மேலால் ஜெஸ்மினின் தலை தெரிந்தது. நௌபரை அவள் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"நௌபர் காக்கா, என்ன பார்க்குறீங்க?"

"சீனி."

"வானத்திலயா?"

அவள் தலை கெதியாக மறைந்தது. பின்னேரம் பள்ளிவாசல் வாசலில் இரண்டு பேர் அவனை நிறுத்தி, மிகவும் அன்பாக, "பிறை பார்க்கிற எண்டா மாசக் கடைசியில, பொழுதுபட்டு மஹ்ரிபுக்குப் பிறகு பார்க்கோணும் தம்பி. நடு மாசத்தில விடியக்காலையில பார்த்தாத் தெரியாது," என்றார்கள். ஒருவர் அவன் தலையில் கை வைத்து ஓதியும் விட்டார்.

இனிப்பு சரியாகிவிட்டது. மாமி குடித்தார்.

"இனிப்பு சரி. ஆனா சாயம் காணா."

தேயிலையைக் கூட்டினான். சாயம் வந்தது. கூடவே கசப்பும் வந்தது. தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் அளந்தால் நிறம் சனூஸாவின் இலக்கத்தைத் தாண்டி எங்கோ நின்றது. கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூடினால் தேத்தண்ணி கறுக்கும் என்பது நினைவுக்கு வந்தது. ஆய்வுகூடத்தில் கருவி கழுவும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு கானில் கொண்டுவந்து போட்டான்.

"இதென்ன மகன், ஆஸ்பத்திரியில குடிச்ச மாதிரிக் கிடக்கு," என்றார் மாமி.

"தேசிக்காய்ப் புளி ரெண்டு சொட்டு விடுங்க காக்கா, பொன் மாதிரி வரும்," என்று ஜெஸ்மின் மதிலால் ஆலோசனை சொன்னாள். விட்டான். பொன் மாதிரித்தான் வந்தது. நிறம் ஒரேயடியாக வெளிறிப்போனது. அதைச் சரிக்கட்டத் தேயிலையைக் கூட்டி, கசப்பைச் சரிக்கட்டச் சீனியைக் கூட்டி, இனிப்பைச் சரிக்கட்ட இஞ்சியைக் கூட்டி, கடைசியில் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டிய ஒரு பொருளை மாமியின் முன்னால் வைத்தான். மாமி அதையும் ஒரு மிடறு குடித்தார். இருமினார்.

"எப்படி மாமி?"

"நாளைக்குப் பார்ப்பம்."

"மாமி, நான் வேலைக்குப் போகோணும். என்ன பிழை எண்டு சொன்னாத்தானே திருத்த ஏலும்? இஞ்சியா? ஏலமா? தண்ணியா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப என்னதான் இல்ல?"

மாமி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே இருந்தார். நௌபரும் பதிலுக்காக நின்றான். அப்படி நின்றதில் பஸ் போய்விட்டது.

அந்தப் பஸ் போனதுதான் தொழிற்சாலைக்கு வினையாக வந்தது.

கலவைப் பகுதியில் வேலை செய்கிற சஞ்சீவன் நல்ல மனிதன், ஆனால் காத்திருக்கத் தெரியாதவன். காலையில் நௌபரைக் காணாததால் தானே ஆய்வுகூடத்துப் பிரிட்ஜைத் திறந்தான். முன்னால் ஸ்டாண்டர்ட் என்று எழுதிய போத்தல் இருந்தது. எடுத்தான். நௌபர் பழக்கிவிட்டபடியே குப்பியை அந்தப் பானத்தாலேயே மூன்று தரம் அலசி ஊற்றிவிட்டு அளந்தான். தாங்கியில் இருந்த இஞ்சிச் சோடா இலக்கத்துக்குக் கிட்டவும் இல்லை. கருக்கிய சீனிச் சாயத்தை எடுத்து ஊற்றினான். இன்னும் ஊற்றினான். கடைசி இலக்கம் பொருந்தும் வரைக்கும் ஊற்றினான்.

நௌபர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது, முகாமையாளர் பாக்கியரத்தினம் தாங்கிக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஐசே நௌபர், இது இஞ்சிச் சோடாவா, இருமல் மருந்தா?"

"ஸ்டாண்டர்டுக்குச் சரியாத்தான் சேர் போட்டனான்," என்றான் சஞ்சீவன். "ஒரு புள்ளி பிசகேல்லை."

"எந்த ஸ்டாண்டர்ட்?"

சஞ்சீவன் போத்தலை உயர்த்திக் காட்டினான். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. நௌபர் போத்தலைப் பறிக்கக் கை நீட்டினான். அவன் வாயைத் திறக்க முதல் பாக்கியரத்தினம் போத்தலை வாங்கிவிட்டார். ருசி பார்க்காமல் உலகத்தில் ஒன்றையும் நம்பாத மனிதர் அவர். மோந்தார். ஒரு வாய் குடித்தார். புருவம் மேலே போனது.

"இது சோடா இல்லை. தேத்தண்ணி! சும்மா சொல்லக் கூடாது, அருமையான தேத்தண்ணி. ஆர் போட்டது?"

"என்ட மனுசி, சேர்."

"கெட்டிக்காரி," என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் வாயில் ஊற்றிக்கொண்டார்.

"சேர்," என்று சஞ்சீவன் அவர் காதுக்கிட்டப் போய் மெதுவாகச் சொன்னான். "அவற்ற மனுசி செத்துப் போனவ. நீங்களும் நானும்தானே செத்த வீட்டுக்குப் போனனாங்கள்."

பாக்கியரத்தினத்தின் கன்னம் இரண்டும் உப்பியபடி அப்படியே நின்றன. விழுங்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல் அவர் நௌபரைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"விழுங்குங்க சேர்," என்றான் நௌபர். "துப்பினா எனக்குத் தாங்க ஏலாது."

அவர் விழுங்கினார். அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. சனூஸா போட்ட தேத்தண்ணி இந்த உலகத்தில் அதோடு முடிந்தது.

தாங்கியைத் திறந்து விடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஆயிரம் லீட்டரும் வாய்க்கால் வழியே துறைமுகப் பக்கம் ஓடியது. நௌபர் பின் மதிலோரம் நின்று பார்த்தான். வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் கொஞ்ச நேரம் சனூஸாவின் தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. பிறகு கடல் பழையபடி கடல் நிறத்துக்கு வந்துவிட்டது. அவனுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது.

தோளில் ஒரு கை விழுந்தது. பாக்கியரத்தினம்.

"நான் உம்மை ஏசத்தான் வந்தனான்," என்றார். "ஏச வாய் வருதில்லை. அந்த ருசி இன்னும் நாக்கில நிக்குது. என்ன ஐசே இதெல்லாம்?"

நௌபர் சொன்னான். மாமி, பாய், கோப்பை, கசாயம், வெந்நீர், நடு மாதத்துப் பிறை, எல்லாவற்றையும் சொன்னான். பாக்கியரத்தினம் ஓரிடத்தில் சிரித்துவிட்டு, உடனே "மன்னியும்" என்றார்.

"அந்தத் தேத்தண்ணி சரி வந்தா நீர் என்ன செய்வீர்?"

"மாமிட வீட்டை விட்டுப் போயிருவன் சேர். அதுக்குப் பிறகு அங்க இருக்கிறத்துக்கு என்ன சாட்டு இரிக்கி?"

"போக விருப்பமோ?"

"இல்ல."

பாக்கியரத்தினம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த மனிதனுக்கு என்ன புத்தி சொல்வது என்று அவருக்கு விளங்கவில்லை.

"இண்டைக்கு மெஷினை எடும். சீனி, இஞ்சி, ஏலம், என்ன வேணுமோ ஸ்டோரில எடும். ருசி நான் பார்க்கிறன். கடைசியாக் குடிச்சவன் நான்தானே."

அன்று பகல் முழுக்க அந்த ஆய்வுகூடத்தில் தேத்தண்ணி கொதித்தது. கிணற்றுத் தண்ணீரில் பாதி, வடித்த தண்ணீரில் பாதி. தேயிலையைத் தராசில் நிறுத்தான். நிறத்துக்கு மெஷின், இனிப்புக்குச் சீனிக் குழல், மிச்சத்துக்குப் பாக்கியரத்தினம். "ஏலம் கூட." "இஞ்சியைத் தட்டாதையும், சீவும்." "கிட்ட வந்திட்டீர்." சஞ்சீவன் குற்ற உணர்ச்சியில் கோப்பை கழுவிக் கழுவிக் கை வெளிறிப்போய் நின்றான்.

பின்னேரம் ஆகும்போது இரண்டு இலக்கங்களும் கடைசிப் புள்ளி வரைக்கும் பொருந்தின. பாக்கியரத்தினம் ஒரு வாய் குடித்தார். "இதுதான்," என்று கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நௌபர் குடித்துப் பார்த்தான். அது சனூஸாதான். பகல் சாப்பாட்டு நேரத்தில் சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்தில் போத்தலைத் திறந்து அவன் குடித்த அதே தேத்தண்ணி. இவ்வளவு நாளும் தேடியது கைக்கு வந்ததும், இன்றைக்கு வந்திருக்கக் கூடாது என்று அவன் மனம் கிடந்து அடித்தது. நாளையோடு வீட்டை விட்டுப் போக வேண்டும். இருந்தாலும் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினான். அந்த ருசியை மாமிக்குக் கொடுக்காமல் தான் மட்டும் வைத்துக்கொள்வது அவனுக்குச் சரியாகப் படவில்லை.

மாமி கோப்பையை வாங்கினார். ஒரு மிடறு குடித்தார். வழக்கம்போலக் கீழே வைக்கவில்லை. இன்னொரு மிடறு குடித்தார். கோப்பைக்குள் குனிந்து பார்த்தார்.

நௌபர் பிளாஸ்கின் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"இல்ல மகன்," என்றார் மாமி. "இது இல்ல."

"மாமி!"

"நாளைக்குப் பார்ப்பம்."

நௌபருக்கு அந்த நேரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டது என்று நினைத்தான். மெஷின் இரண்டும் சரியென்றன. பாக்கியரத்தினத்தின் நாக்குச் சரியென்றது. அவனுடைய நாக்கே சரியென்றது. அப்படியென்றால் பிழை தேத்தண்ணியில் இல்லை. போட்ட ஆளில்தான் இருக்கிறது. பெற்ற மகள் போக, எங்கிருந்தோ வந்த மருமகன் மட்டும் மிஞ்சிக் கிடப்பதை எந்தத் தாயால்தான் தாங்க ஏலும்? வாய் திறந்து போகச் சொல்ல மாமியின் மரியாதை விடவில்லை. அதனால் கோப்பையைச் சாட்டி ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கிறார். தரம் பார்க்கிறவன் என்று சம்பளம் வாங்கும் தனக்கு அது இவ்வளவு நாளாகப் புரியவில்லையே என்று அவனுக்கு அவமானமாக இருந்தது.

ராத்தாவுக்குப் போன் எடுத்தான். முதல் தரமாக மெதுவாகப் பேசினான்.

"நாளைக்கு வாறன் ராத்தா."

"தேத்தண்ணி சரி வந்திட்டுதா?"

"அது சரி வராது."

விடிந்தது. நௌபர் தன்னுடைய உடுப்புப் பெட்டியை அடுக்கினான். வந்தபோது கொண்டுவந்ததை விடக் கொஞ்சம்தான் கூட இருந்தது. சனூஸாவின் ஒரு தலைத்துணியை எடுத்து உள்ளே வைத்தான். கேட்காமல் எடுப்பது களவு போலத் தோன்றியதால் திரும்பவும் அலுமாரியில் வைத்தான். பிறகு குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டான். எதையும் அளக்கவில்லை. கைக்கு வந்தபடி போட்டான்.

மாமி பாயில் இருந்தார். அவன் கோப்பையை வைத்தான். பெட்டியையும் பக்கத்தில் வைத்தான்.

"மாமி, நான் தோப்பூருக்குப் போறன். ஏதும் பிழை விட்டிருந்தா மன்னிச்சிக்கோங்க."

மாமி பெட்டியைப் பார்த்தார். கோப்பையைத் தொடவே இல்லை.

"தேத்தண்ணி சரியில்ல," என்றார்.

நௌபருக்கு வந்த கோபத்தில் குரல் உடைந்தது. "நீங்க குடிக்கவே இல்லையே மாமி! வாயில கூட வெக்க இல்ல! என்னை அவ்வளவுக்கா பிடிக்காமப் போச்சி?"

மாமி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்குவதை அவன் பார்க்கவில்லை. அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கிவிட்டான்.

வாசலில் ஆட்டோ நின்றது. ஜெஸ்மின் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். மதிலுக்கு மேலால் தலையாக மட்டும் பார்த்துப் பழகியவளை முழுதாகக் காண அவனுக்குப் புதிதாக இருந்தது. அவள் கண் சிவந்திருந்தது.

"வழி விடு ஜெஸ்மின். மாமிய நல்லாப் பார்த்துக்கொள்."

"மாமி என்னட்ட அல்லாஹ் மேல சத்தியம் வாங்கினவ, உங்கட்ட சொல்லக் கூடாதெண்டு," என்றாள் ஜெஸ்மின். "பரவால்ல, சத்தியம் முறிச்ச பாவத்துக்கு நான் மூணு நோன்பு பிடிக்கிறன். பெட்டியக் கீழ வைங்க."

"என்ன சொல்லக் கூடாதாம்?"

"நீங்க போட்ட முதல் நாள் தேத்தண்ணியே அசல் சனூஸாட தேத்தண்ணிதானாம் காக்கா, அது சரி வந்தாப் போயிடுவன் எண்டு நீங்க அண்டைக்கே ராத்தாவுக்குக் கத்தினத மாமி கேட்டிட்டா."